தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி

போலீஸ் அலுவலகத்து மாடிக்குத் துப்பாக்கி உரிமம் கேட்டு வருகிற ஆண்களை அக்கா முதலில் ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிடுவாள். அவர்கள் எத்தனை நகல் கொண்டுவந்தாலும் அவளுக்கு ஒன்று குறையும். "வீட்டு வரி ரசீதுல பின்பக்கம் இல்லையே. பரவாயில்ல, எதிர்ல போய் ஒண்ணு எடுத்துட்டு வந்துடுங்க. உங்க வீட்டம்மா இங்கேயே உட்காரட்டும்" என்பாள். எதிரே என்றால் நிஜமாகவே எதிரே இல்லை. பெரிய சாலையைக் கடந்து, மருந்துக்கடைக்குப் பின்னால் போய், இரண்டு மாடி ஏற வேண்டும். அங்கே எப்போதும் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் வரிசையில் நிற்கும். போய்வரக் குறைந்தது பதினைந்து நிமிடம் ஆகும். இத்தனைக்கும் அக்காவின் நாற்காலிக்குப் பின்னாலேயே, பூப்போட்ட துணி போர்த்திய ஜெராக்ஸ் மெஷின் ஒன்று நல்ல நிலையில் இருந்தது. துணிக்கு அடியில் என்ன என்று இருபத்தாறு வருடத்தில் ஒரு ஆணும் கேட்டதில்லை.

அந்தப் பதினைந்து நிமிடம்தான் அவளுக்கு வேண்டியது. உரிம விதிகளில் பதினேழாவது விதி, விண்ணப்பிக்கிறவரோடு ஒரே வீட்டில் வசிக்கும் ஒருவரையாவது தனியே விசாரிக்க வேண்டும் என்கிறது. மற்ற சீட்டுகளில் உட்கார்ந்தவர்கள் இதற்கு ஒரு சுருக்குவழி கண்டுபிடித்திருந்தார்கள். 'ஆட்சேபணை இல்லை' என்று மனைவியின் கையெழுத்தைப் படிவத்தில் வாங்கி வரச் சொல்லிவிடுவார்கள். அக்காவிடம் அது எடுபடாது. "கையெழுத்து வீட்டுல போட்டது. பதிலை இங்க வந்து சொல்லட்டும்" என்பாள். ஆள் படி இறங்கியதும் அந்தப் பெண்ணைக் கோப்பு அறைக்குள் அழைத்துப் போய், கதவைச் சாத்தி, எதிரெதிரே இரண்டு நாற்காலி போட்டு, இரண்டே கேள்வி கேட்பாள். துப்பாக்கியை வீட்டில் எங்கே வைப்பார்? வீட்டில் சண்டை வந்தால் அவர் முதலில் எதைக் கையில் எடுப்பார்?

"போனை எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போயிடுவாரு, அவங்க அம்மாகிட்ட சொல்ல" என்று ஒருத்தி சொன்னாள். அந்தக் கோப்பு அன்றைக்கே மேலே போனது. சிலர் கேள்வி முடிவதற்குள் கதவைப் பார்ப்பார்கள். அப்படிப் பார்த்தவர்கள் வீட்டுக் கோப்பு கட்டின் அடிக்குப் போய், எத்தனை சிபாரிசு வந்தாலும் அங்கேயே கிடக்கும்.

வேலையில் சேர்ந்தபோது அவளுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். இப்போது எல்லோருக்கும் அவள் லைசென்ஸ் அக்காதான். அவளைவிட வயதானவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போகாது. வாரத்துக்கு ஒருவராவது ஜன்னலில் குனிந்து அந்தப் பழைய கேள்வியைக் கேட்பார்: "ஏம்மா, திருடன் என்ன உங்ககிட்ட லைசென்ஸ் வாங்கிட்டா வர்றான்? சட்டத்தை மதிக்கிற எங்க கழுத்தைத்தான் பிடிக்கறீங்க." அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வாள்: "திருடனைப் பிடிக்கறவங்க கீழ்த்தளத்துல இருக்காங்க. இது மாடி. இங்க வர்றவங்க எல்லாருமே நல்லவங்கதான். நல்லவங்களுக்குக் கோபம் வந்தா என்ன ஆகும்னு பார்க்கறதுதான் என் வேலை."

இவ்வளவு வாய் பேசுகிறவளை ஒரே ஒருவர் வாயடைக்க வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே தனி வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற நில அளவையாளர் அவர். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் விசாரிக்க ஆளில்லை என்று அக்கா அவர் விண்ணப்பத்தை நாலு மாதம் நிறுத்தி வைத்தாள். அந்த நாலாவது மாதத்தில் திருடர்கள் புகுந்து அவர் கையை முறித்துவிட்டார்கள். மாவுக்கட்டோடு படியேறி வந்து ஜன்னலில் நின்றார். "சட்டம் என்னைக் காப்பாத்திடுச்சாம்மா?" என்று கேட்டார். கேலியாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலத்தான் கேட்டார். அக்காவுக்கு அவமானமாக இருந்தது. அன்றைக்கே அவர் கோப்பைத் தானே தூக்கிக்கொண்டு மேசை மேசையாக அலைந்து, இரண்டு நாளில் உரிமம் வாங்கிக் கொடுத்தாள். முறிந்த கைக்கு அதனால் என்ன பயன் என்று அவளுக்கே தெரியும்.

அடுத்த மாதம் அவள் தம்பிக்கு அடி விழுந்தது. அவனுக்கு லாரி ஷெட் இருக்கிறது, பன்னிரண்டு லாரி. டீசல் திருடிக்கொண்டிருந்தவர்களை விரட்டப் போனவன் மண்டையில் இரும்புக் கம்பியால் அடித்துவிட்டார்கள். ஏழு தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் வீங்கிக் கிடந்தவனைப் பார்த்ததும் அக்கா அவன் தலைமாட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் தூக்கி வளர்த்த தம்பி அவன். இவனையும் மாவுக்கட்டோடு ஜன்னலில் பார்க்க வேண்டுமா என்று நினைத்தாள். விண்ணப்பப் படிவத்தை அவளே பூர்த்தி செய்தாள். விசாரணைக் குறிப்பு என்ற இடத்தில், 'மனைவியைத் தனியே விசாரித்தேன். அச்சமோ ஆட்சேபணையோ இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஊரிலிருக்கிற அத்தனை பேர் மனைவியையும் உட்கார வைத்துக் கேட்டவள், தம்பி மனைவியைக் கேட்கவில்லை. நம் வீட்டுப் பிள்ளை, இதில் கேட்க என்ன இருக்கிறது?

இது மூன்று வருடத்துக்கு முந்தைய கதை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கிடையில் தம்பி மனைவி விசேஷங்களுக்கு வருவதை நிறுத்தியிருந்தாள். அக்கா போன் செய்தால் எடுத்ததுமே, "ஸ்பீக்கர்ல இருக்கீங்க அண்ணி" என்பாள். பின்னால் தம்பி கனைப்பான். ஷெட்டைப் பற்றிக் கேட்டாலும் காய்ச்சலைப் பற்றிக் கேட்டாலும் ஒரே குரலில் பதில் சொல்வாள். ஒருநாள் போனை வைத்த பிறகு அக்கா வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மனதில் இருபத்தாறு வருடமாகக் கதவைப் பார்த்த பெண்களின் முகம் நிறைய இருந்தது. இந்த முறை கேட்டே தீருவது என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குத் தம்பி தன் மனைவியோடு வந்தான். கையில் ரிப்பன் கட்டிய ஃபைல். எல்லாத் தாளிலும் ஆறு ஆறு நகல். "முன்பக்கம், பின்பக்கம், எல்லாம் இருக்கு. எத்தனை வேணும்னாலும் எடுத்துக்கோ. ஜெராக்ஸ் கடைக்கு மட்டும் நான் போக மாட்டேன்க்கா" என்று சொல்லிச் சிரித்தான். ஜெராக்ஸ் கதையை அக்காவே எத்தனையோ தடவை வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் இவன்தான். தன் வாயே தனக்கு வினை வைத்துவிட்டதே என்று அக்காவுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

"சரி, சுத்தி வளைக்கல. நீ கொஞ்சம் வெளிய இரு. நான் இவகிட்டத் தனியாப் பேசணும்."

"என்கூடப் பொறந்தவ நீ. உனக்கும் இவளுக்கும் தனியா என்ன?"

"பதினேழாம் விதி."

"போன தடவை இல்லாத விதியா?"

"போன தடவையும் இருந்துச்சு" என்றாள் அக்கா.

அவன் எழுந்திருக்கவில்லை. மனைவியின் நாற்காலி முதுகில் கையைப் போட்டுக்கொண்டு, அக்காவின் மேலதிகாரிக்குப் போன் போட்டான். அவன் லாரிகள் அந்த அலுவலகத்துக்கு எத்தனையோ முறை வாடகை வாங்காமல் ஓடியிருக்கின்றன. இரண்டாவது நிமிடத்தில் அக்காவுக்கு அழைப்பு வந்தது.

அதிகாரி கெட்டவர் இல்லை. கோப்பு தேங்கினால் தலைவலி என்று நினைக்கிறவர், அவ்வளவுதான். "சொந்தத் தம்பி ஃபைலை நீங்க பார்க்கறதே சரியில்லம்மா. பக்கத்து சீட்டுக்குக் கொடுத்துடுங்க. அவர் அரை மணியில முடிச்சுடுவார்."

பக்கத்து சீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டு முடிப்பார் என்பது இருவருக்குமே தெரியும். "கொடுத்துடறேன் சார். 'விசாரணை முடியும் முன்னே கோப்பு மாற்றப்படுகிறது'ன்னு ரெண்டு வரி எழுதி, கீழ நீங்க கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுங்க."

அதிகாரி பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்தார், மறுபடி மூடி வைத்தார். "ஏம்மா, துப்பாக்கி இருந்தா அவருக்குப் பாதுகாப்புதானே? தலையில அடிபட்ட மனுஷன்."

"அவனுக்குப் பாதுகாப்புதான் சார். வீட்டுல இன்னொருத்தி இருக்கா. அவளுக்கு என்னன்னு கேக்கத்தான் விதி சொல்லுது."

வெளியே வருவதற்குள் அம்மாவின் போன். தம்பி அங்கேயும் சொல்லியாயிற்று. "ஏழு தையல் போட்டது மறந்துபோச்சாடி உனக்கு? கூடப் பொறந்தவனையே சந்தேகப்படறியே, நீயெல்லாம்..." என்று அம்மா அழத் தொடங்கினாள். "மறக்கலம்மா. அதை நினைச்சுத்தான் போன தடவை தப்புப் பண்ணேன்" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.

தம்பி அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். அவன் கை நாற்காலி முதுகிலேயே இருந்தது. அக்கா நேராகத் தம்பி மனைவியிடம் போனாள். "பாத்ரூம் போகணும்னு சொன்னியேம்மா, வா, காட்டறேன்."

அவள் அப்படி எதுவும் சொல்லவே இல்லை. ஆனாலும் சட்டென்று எழுந்துவிட்டாள். யோசிக்காமல், கணவன் முகத்தைப் பார்க்காமல் எழுந்த அந்த வேகத்திலேயே அக்காவுக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. அவள் கையைப் பிடித்து நடையில் இழுத்துக்கொண்டு போய், பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்து, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, இரண்டு குழாயையும் திறந்துவிட்டாள்.

வெளியே தம்பி கதவைத் தட்டினான். "அக்கா, என்ன நாடகம் இது?"

தரை துடைத்துக்கொண்டிருந்த துப்புரவுக்காரம்மாவின் குரல் கேட்டது. "பொம்பளைங்க போற இடம் சார் இது. தள்ளி நில்லுங்க. ஈரம் வேற, வழுக்கி விழுந்துட்டா எங்களைச் சொல்லக் கூடாது."

உள்ளே இரண்டு பேர் நிற்க மட்டும்தான் இடம். ஒரு வாளி, ஒரு உடைந்த கண்ணாடி, பினாயில் நெடி. அக்கா எத்தனையோ ஆயிரம் முறை கேட்ட கேள்வியைக் கேட்டாள். குரல் மட்டும் அவள் குரலாகவே இல்லை.

"துப்பாக்கியை வீட்டுல எங்க வெச்சிருக்கான்?"

"சாப்பாட்டு மேஜை மேல, அண்ணி."

"எப்பவுமா?"

"அவர் சாப்பிட உட்காரும்போது. ரெண்டு வேளையும். நான் அதை நகர்த்திட்டுத்தான் தட்டு வைக்கணும். நகர்த்தும்போது வாய் என் பக்கம் திரும்பாம நகர்த்தப் பழகிட்டேன்."

"மிரட்டினானா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. உப்புக் கூடிட்டா அதைப் பார்ப்பார். அப்புறம் என்னைப் பார்ப்பார்."

இரண்டாவது கேள்விக்கு வேலை இருக்கவில்லை. அக்கா குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி மனைவி அழவில்லை. பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்ததை ஒப்பிக்கிறவள்போல இருந்தாள். கடைசியில்தான் குரல் கொஞ்சம் தடுமாறியது.

"போன தடவை ஏன் அண்ணி என்னைக் கேக்கல? அப்பவே கை ஓங்குவார். எல்லார் வீட்டுப் பொம்பளைங்களையும் தனியாக் கூப்பிட்டுக் கேப்பேன்னு நீங்கதானே சொல்லுவீங்க. நம்மளையும் கூப்பிடுவாங்க, சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு வாரம் போன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஒருநாள் அவர் துப்பாக்கியோட வந்துட்டார்."

அக்கா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு இவள் என்ன செய்வாள்? "நீ இன்னிக்கு அந்த வீட்டுக்குப் போகல. என்கூட வர்ற" என்று மட்டும் சொன்னாள்.

வெளியே வந்து, தம்பியைக் கடந்து, தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்பைத் திறந்து 'புதுப்பிக்கப் பரிந்துரைக்கவில்லை. வீட்டில் உள்ளவருக்கு உயிரச்சம் உள்ளது' என்று எழுதினாள். உள்ளே எடுத்துப் போனாள். அதிகாரி இரண்டு முறை படித்தார். பிறகு பழைய பக்கத்தைப் புரட்டி விரலை வைத்தார்.

"இங்க பாருங்க, நீங்களே எழுதினதுதான். 'தனியே விசாரித்தேன், அச்சமில்லை.' அவர் வக்கீல் இதை ஒண்ணை வெச்சே உங்க புதுக் குறிப்பை உடைச்சுடுவார். குடும்பத் தகராறு, நாத்தனாரோட பழிவாங்கல்னு சொல்லித் துப்பாக்கியைத் திருப்பி வாங்கிட்டுப் போயிடுவார்."

அவர் சொன்னது முழு உண்மை. அக்கா ஓய்வு பெற இன்னும் பதினொரு மாதம் இருந்தது. அவள் அவர் மேஜை மேலேயே கோப்பைத் திருப்பிப் போட்டு, நின்றபடியே எழுதினாள்: 'முந்தைய விசாரணைக் குறிப்பு பொய். நான் அப்போது அவரை விசாரிக்கவில்லை. விண்ணப்பதாரர் என் தம்பி என்பதால் விதியை மீறினேன்.' தேதி போட்டாள். கையெழுத்துப் போட்டாள்.

"தெரிஞ்சுதான் எழுதறீங்களாம்மா? இது உங்க கழுத்துக்கே கத்தி."

"அன்னிக்கு எழுதினதுதான் சார் தெரியாம எழுதினது."

அதிகாரி கீழே கையெழுத்துப் போட்டார். புதுப்பிக்க மறுத்த உரிமத்தின் துப்பாக்கியை அன்றே ஒப்படைக்க வேண்டும் என்பதும் விதிதான். இரண்டு காவலர்கள் தம்பியோடு வீட்டுக்குப் போனார்கள். துப்பாக்கி கைக்கு வரும்வரை தம்பி மனைவியை அக்கா தன் கண் பார்வையிலேயே வைத்திருந்தாள். மூன்றரை மணிக்கு அவன் வந்து, துணியில் சுற்றியதை மேஜையில் வைத்தான். முகம் வெளிறியிருந்தது.

"நாளைக்கு அந்தக் கம்பிக்காரனுங்க மறுபடி வந்தா நான் என்னக்கா பண்ணுவேன்?"

அந்தக் கேள்வி அவளைக் குத்தியது. பொய்ப் பயம் இல்லை அது. "ரோந்துக்காரங்ககிட்டச் சொல்லியிருக்கேன். உன் ஷெட்டுப் பக்கம் தினமும் ரெண்டு தடவை வருவாங்க. அது போதாதுன்னு எனக்கும் தெரியும்" என்றாள்.

"இனிமே எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல."

"சரி. ரசீதுல கையெழுத்துப் போடு."

அவன் போட்டான். அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. அம்மாவும் பேசுவதில்லை. தம்பி மனைவி அக்கா வீட்டு முன்னறையில் இருக்கிறாள், ஒரு தையல் யூனிட்டில் வேலைக்குப் போகிறாள். முதல் சில வாரம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் மேஜையை ஒருமுறை கையால் தடவிப் பார்ப்பாள். அக்கா பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துவிடுவாள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா மேல் துறை விசாரணை வந்தது. விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், இரக்கமுள்ளவர். இத்தனை வருட சேவை, உண்மையைத் தானே ஒப்புக்கொண்டது, எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதற்கான வாக்குமூலத்தையும் டைப் செய்து தயாராக வைத்திருந்தார். அக்கா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஆறாவது வரியில் நின்றுவிட்டாள்.

'என் தவறால் அசம்பாவிதம் எதுவும் நடக்கவில்லை.'

"இந்த வரியை எடுத்துடுங்க சார்."

"அந்த வரிதாம்மா உங்களைக் காப்பாத்தப் போறது. யாரும் சாகல. யாருக்கும் காயம் இல்ல. ஒரு குண்டுகூட வெடிக்கல. ஒண்ணும் நடக்கலன்னு எழுதறதுல என்ன தப்பு?"

"நடந்துச்சு சார்" என்றாள் அக்கா. "மூணு வருஷம் நடந்துச்சு. தினம் ரெண்டு வேளை நடந்துச்சு. சட்டத்துல எழுதியிருக்கற ஒரே ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தா, ஒரு வேளைகூட நடந்திருக்காது. எங்க சட்டத்தால யாருக்கு என்ன பாதுகாப்புன்னு எல்லாரும் என்னைக் கேக்கறாங்க. கை ஒடிஞ்சு வந்தவருக்கு நான் பதில் சொல்ல முடியல. என் தம்பி பொண்டாட்டிக்குச் சொல்ல முடியும். ஒண்ணும் நடக்கலன்னு நான் கையெழுத்துப் போட்டா, அந்தப் பதிலையும் மறுபடி பொய்யாக்கிடுவேன்."

விசாரணை அதிகாரி தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "இந்த வரி இல்லன்னா என்னால உங்களை விட முடியாதும்மா."

"விடாதீங்க சார்" என்று சொல்லி, அக்கா தாளைத் திருப்பி இழுத்து, அந்த ஆறாவது வரியைத் தன் பேனாவால் கோடு போட்டு அடித்தாள்.